ஏற்றிய ரத்தம் எங்கே போகிறது?

இந்தியாவில் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் முதன்முதலில் பதிவானது எங்கள் மலையில்தான். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து, சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைவதைக் கண்டு எழுதினார்கள். மலேரியா மண்டிக் கிடந்த அடிவாரக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு அணுவை இப்படி வளைக்கும் மரபணு ஒற்றைப் பிரதியாக இருந்தவரை மலேரியாவிலிருந்து காவலாக இருந்தது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டும் சேர்ந்து வந்த பிள்ளைக்கு அதுவே நோயாகிவிட்டது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கிராமங்களுக்கு முகாம் போகும்போது கையில் கொண்டுபோவது மிகச் சின்னச் சோதனை. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் கரைசல், அதில் விரல் நுனியிலிருந்து எடுத்த ரத்தம், குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட அட்டை. சில நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். கோடு தெளிவாகத் தெரிந்தால் கவலையில்லை. குழாய் கலங்கிக் கோடு மறைந்துவிட்டால் சிக்கிள் ஹீமோகுளோபின் இருக்கிறது. ஒற்றைப் பிரதியா, இரட்டையா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதற்கு மாதிரியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வேறு கருவியில் ஓட்ட வேண்டும்.

இரட்டைப் பிரதி உள்ள பிள்ளையின் ரத்தத்தைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு முனையும் கூர்த்து நீண்ட அணுக்கள் தெரியும். அவற்றைப் பலரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவற்றை விட என் கண் போய் நிற்பது வேறொன்றில். அதே ஸ்லைடில் அங்கங்கே, நடுவில் அடர் ஊதாப் புள்ளியோடு சில சிவப்பணுக்கள் இருக்கும். அந்தப் புள்ளிதான் உட்கரு. சாதாரணமாகச் சிவப்பணு எலும்பு மஜ்ஜையை விட்டுக் கிளம்பும் முன்பே உட்கருவை உதறிவிடும். உட்கருவோடு வெளியே வந்திருக்கிறது என்றால், மஜ்ஜை அவ்வளவு அவசரத்தில் இருக்கிறது, முதிரும்வரை காத்திருக்க முடியாமல் அனுப்பிவிட்டது என்று அர்த்தம். நல்ல சிவப்பணு 120 நாள் வாழும். சிக்கிள் அணு 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும். அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துத்தான் அந்தக் குழந்தையின் மஜ்ஜை இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடிவாரத்து இருளர் கிராமம் ஒன்றிலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு வரும் ஒரு அக்கா என்னிடம் கேட்டார். “சிஸ்டர், போன தடவ ரத்தம் ஏத்தினப்ப நல்லா ஓடியாடிக்கிட்டு இருந்தான். அந்த நல்ல ரத்தம் எங்க போச்சு? மறுபடியும் எதுக்குக் கெட்டதே ஊறுது?”

இதைவிடச் சரியான கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ரத்த அறிவியலில் கடந்த அறுபது வருடமாக நடந்த பெரிய வேலை எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான். அவருக்கு அன்றைக்கு ஐந்து நிமிடத்தில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ரத்தப் பையில் வருவது சிவப்பணுக்கள். அவற்றை உண்டாக்கும் செல் அந்தப் பையில் வருவதில்லை. வந்த அணுக்கள் தங்கள் ஆயுள் முடிந்ததும் மண்ணீரலிலும் கல்லீரலிலும் அழிக்கப்படும். அந்த இடத்தை நிரப்புவது பையனின் சொந்த மஜ்ஜை. அங்கே இருக்கும் ஸ்டெம் செல், அதாவது ரத்தக் குருத்தணு, ஒவ்வொன்றிலும் அந்த மரபணுவின் எழுத்துப்பிழை இருக்கிறது. ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின் என்ற இன்னொன்று. அவ்வளவுதான் பிழை. ஆனால் மூலத்திலேயே இருப்பதால் எத்தனை பை ஏற்றினாலும் திரும்பத் திரும்ப வரும்.

அந்த மூலச் செல்லின் கதைதான் எனக்கு இத்தனை வருடம் கழித்தும் அலுக்காதது.

வளர்ந்த ஒருவர் உடலில் ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள் பிறக்கின்றன. நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல். வெள்ளையணுக்கள், தட்டணுக்கள் கணக்கு தனி. இத்தனைக்கும் மூலமான ஸ்டெம் செல்கள் எவ்வளவு தெரியுமா? 59 வயது ஆண் ஒருவரின் ரத்த அணுக்களில் இருந்த டி.என்.ஏ. மாற்றங்களை வைத்துக் கணக்கிட்டு 2018-இல் ஒரு விடை சொன்னார்கள்: 50,000-க்கும் 2 லட்சத்துக்கும் இடையில். அந்தச் செல்களும் ஓயாமல் பிரிந்துகொண்டிருப்பதில்லை. மனித ஸ்டெம் செல் ஒன்று ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு முறைதான் பிரிகிறது என்று மதிப்பிடுகிறார்கள். மற்ற நேரமெல்லாம் சும்மா இருக்கிறது. ஓடியாடி உற்பத்தி செய்வது அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமான இடைநிலைச் செல்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு, 2,240 மீட்டர் உயரத்துக்கு, ஏறி வந்து தங்குபவர்களுக்கு ரத்தம் கொஞ்சம் கூடும் என்பது உண்மை. காற்றில் ஆக்சிஜன் குறைந்ததும் சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். உடல் ஆக்சிஜன் குறைவை எப்படி உணர்கிறது என்று கண்டுபிடித்த மூவருக்கு 2019-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்த ஹார்மோன் முக்கியமாகத் தட்டி எழுப்புவது இடைநிலைச் செல்களை. மூல ஸ்டெம் செல்கள் பெரும்பாலும் அசையாமல்தான் இருக்கும். மலை ஏறுவது, ஒரு காயத்தில் ரத்தம் போவது போன்ற அன்றாடத் தேவைகளுக்கெல்லாம் அவற்றைத் தொடாமலேயே உடல் சமாளித்துக்கொள்கிறது.

இப்படி ஒரு செல் இருக்கிறது என்று நிரூபித்தவர்கள் கனடாவின் டொரான்டோவைச் சேர்ந்த ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் இருவரும். கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜைச் செல்களை ஊசியில் ஏற்றினார்கள். பத்து நாள் போல ஆனதும் அந்த எலிகளின் மண்ணீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள் எழும்பியிருந்தன. ஏற்றிய செல்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் முடிச்சுகளும் அதே விகிதத்தில் கூடின. 1961-இல் இதை வெளியிட்டார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு செல்லிலிருந்து வந்ததா என்ற சந்தேகத்தை, கதிர்வீச்சால் குரோமோசோமில் அடையாளம் போட்ட செல்களை வைத்து 1963-இல் தீர்த்துவைத்தார்கள். அதே காலத்தில் இன்னொன்றும் செய்தார்கள். ஒரு முடிச்சை எடுத்து அடுத்த எலிக்கு ஏற்றினால் அங்கேயும் புது முடிச்சுகள் வந்தன. அந்த ஒற்றைச் செல் ரத்தமாக மாறியது மட்டுமில்லாமல் தன்னைப் போலவே இன்னும் சிலவற்றை மிச்சம் வைத்தும் இருக்கிறது. சுயபுதுப்பித்தல் என்று சொல்வது இதைத்தான்.

கேத்தி, முத்தோரைப் பக்கம் உருளைக்கிழங்கு போடுபவர்களுக்கு இது நன்றாகப் புரியும். அறுவடையில் விற்பதற்கு எவ்வளவு, விதைக்கிழங்குக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு போகத்திலும் பிரித்து வைத்தாக வேண்டும். எல்லாவற்றையும் விற்றால் அடுத்த போகம் இல்லை. எல்லாவற்றையும் விதைக்கென்று வைத்துக்கொண்டால் இந்த வருடம் கையில் காசில்லை. ஸ்டெம் செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் இந்த முடிவை எடுக்கிறது. அந்த முடிவை எடுக்க வைப்பவை மரபணுக்கள்.

என் மேசையில் இருக்கும் நுண்ணோக்கியால் இந்தச் செல்லை அடையாளம் காண முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மஜ்ஜை ஸ்லைடில் அது லிம்போசைட் என்ற சின்ன வெள்ளையணு போலத்தான் தெரியும். உருவத்தை வைத்து அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. இர்விங் வைஸ்மன் குழு 1988-இல் எலியின் ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்ததுகூட, அதன் மேற்பரப்புப் புரதங்களில் எவை இருக்கின்றன, எவை இல்லை என்று வடிகட்டி வடிகட்டித்தான். அதன் பெருமை எல்லாம் எந்த மரபணு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதில் இருக்கிறது.

முதலில் எனக்கு வியப்பாக இருந்தது, இந்த மரபணுக்களில் பல, செல்லைத் தடுத்து நிறுத்துபவை என்பது. தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் செல் என்றால் பெருக்கும் விசைதான் முக்கியமாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். ஆராய்ச்சி காட்டியது வேறு. பி21 என்ற மரபணு செல் பிரிவதைத் தடுக்கும் புரதத்தைத் தருகிறது. 2000-இல் அந்த மரபணு இல்லாத எலிகளை ஆராய்ந்தார்கள். ஸ்டெம் செல்கள் அடிக்கடி பிரிந்தன. முதலில் எண்ணிக்கைகூடக் கூடியது. ஆனால் அந்த மஜ்ஜையை ஓர் எலியிலிருந்து அடுத்த எலிக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று மாற்றிக்கொண்டே போனபோது சீக்கிரமே தீர்ந்துபோனது. ஜிஎஃப்ஐ-1 என்ற மரபணுவை எடுத்துவிட்டுப் பார்த்தபோதும் 2004-இல் இதே கதை. செல்கள் சுறுசுறுப்பாகப் பிரிந்தன, புது உடலில் ரத்தத்தை நிலைநிறுத்த முடியாமல் தோற்றன. பி57 என்ற இன்னொரு தடுப்பு மரபணுவும் இப்படித்தான்.

ஆக, ஸ்டெம் செல்லின் ஆயுள் அதன் ஓய்வில் இருக்கிறது. எலிகளில் மிக ஆழமாக உறங்கும் ஸ்டெம் செல்கள் வாழ்நாள் முழுவதும் ஐந்து முறை போலத்தான் பிரிகின்றன என்று 2008-இல் கணக்கிட்டார்கள். பெருந்தேவை வந்தால் எழுந்து வேலை செய்துவிட்டு மறுபடி உறங்கப் போய்விடுகின்றன.

ஓய்வு வேறு, ஓய்ந்துபோவது வேறு. அங்கேதான் பிஎம்ஐ-1 வருகிறது. இது டி.என்.ஏ. சுருண்டிருக்கும் விதத்தை இறுக்கி, சில மரபணுக்களைப் பூட்டி வைக்கும் புரதக் கூட்டத்தில் ஒன்று. அது பூட்டி வைப்பவற்றில் முக்கியமானது பி16. பி16 திறந்துகொண்டால் செல் நிரந்தரமாகப் பிரிவதை நிறுத்திவிடும். முதுமையடைந்த செல்லின் அடையாளமே அதுதான். பிஎம்ஐ-1 இல்லாத எலிக் குஞ்சுகளைப் பற்றி 2003-இல் வந்த ஆய்வுகளில், ஸ்டெம் செல்கள் பிறக்கும்போது இருந்தன, ஆனால் தங்களைப் புதுப்பித்துக்கொள்ள முடியாமல் குறைந்துகொண்டே போயின. ஒரு பக்கம் பி21-உம் பி57-உம் “இப்போது வேண்டாம், பொறு” என்கின்றன. மறுபக்கம் பிஎம்ஐ-1 “பொறுத்தது போதும் என்ற நாளில் உன்னால் பிரிய முடிய வேண்டும்” என்று வழியை மூடாமல் வைத்திருக்கிறது. ஒரு செல்லுக்குள் இரண்டும் சேர்ந்து இயங்குவதை நினைக்கும்போது மனம் நிறைந்துவிடும்.

அப்புறம் மூச்சின் சங்கதி. எலும்பு மஜ்ஜைக்குள் ரத்தக் குழாய்கள் நெருக்கமாக இருந்தாலும் ஆக்சிஜன் குறைவு. உயிருள்ள எலியின் மண்டையோட்டு மஜ்ஜையில் 2014-இல் நேரடியாகவே அளந்து பார்த்தார்கள். ஸ்டெம் செல்லுக்கு அந்தச் சூழல் பிடித்தமானது. ஹெச்ஐஎஃப்-1 என்ற புரதத்தின் உதவியால் ஆக்சிஜனை அதிகம் நாடாமல் சர்க்கரையை உடைத்தே பிழைத்துக்கொள்கிறது. ஆக்சிஜனை எரித்தால் சக்தி கூடுதலாகக் கிடைக்கும், கூடவே டி.என்.ஏ.-வைத் தாக்கும் கழிவும் கிடைக்கும். அந்தக் கழிவைக் கட்டுக்குள் வைப்பவை ஃபாக்ஸோ மரபணுக்களும் ஏடிஎம் மரபணுவும். இவற்றை நீக்கிய எலிகளில் ஸ்டெம் செல்கள் நச்சு ஆக்சிஜனில் வெந்து குறைந்தன. அந்த எலிகளுக்கு ஆக்சிஜன் நச்சை முறிக்கும் மருந்து கொடுத்தபோது செல்கள் ஓரளவு மீண்டன. இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் விற்கும் ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரையை வாங்கிப் போட வேண்டாம். அது மரபணு நீக்கிய எலிக்கு ஆய்வகத்தில் செய்தது.

பிடென் என்ற மரபணுவின் கதை இன்னும் கடுமை. அதை நீக்கினால் ஸ்டெம் செல்கள் விழித்தெழுந்து பெருகும், பிறகு தீர்ந்துபோகும், பல எலிகளில் ரத்தப் புற்றுநோயும் வந்துவிடும். 2006-இல் வந்த இந்த முடிவு ஒன்றைத் தெளிவாக்கியது. ஸ்டெம் செல்லைக் காப்பாற்றுவதும் புற்றுநோயைத் தடுப்பதும் ஒரே மரபணுவின் வேலையாக இருக்கலாம்.

எலிகளை விடுங்கள், மனிதர்களுக்கு வருகிறேன். எம்பிஎல் என்ற மரபணு, தட்டணுக்களை உண்டாக்கச் சொல்லும் ஹார்மோனைப் பிடிக்கும் புரதத்தை, அதாவது ஏற்பியை, தருகிறது. அது இரண்டு பிரதியிலும் பழுதான குழந்தைகள் தட்டணு குறைவோடு பிறப்பார்கள். தட்டணு மட்டும்தானே என்று நினைத்தால் சில வருடத்தில் சிவப்பணு, வெள்ளையணு எல்லாமே குறைந்து மஜ்ஜையே காய்ந்துவிடும். தட்டணுவுக்கு என்று நினைத்திருந்த சமிக்ஞை, ஸ்டெம் செல்லை நிலைக்க வைக்கும் சமிக்ஞையாகவும் இருந்திருக்கிறது. இந்த அறிவு வீணாகவில்லை. அந்த ஏற்பியைத் தூண்டும் எல்ட்ரோம்போபாக் மாத்திரை இன்று மஜ்ஜை செயலிழந்த அப்ளாஸ்டிக் அனீமியா நோயாளிகளுக்குத் தரப்படுகிறது.

காட்டா-2 என்ற மரபணு இன்னொரு பாடம். கருவில் பெருந்தமனியின் உட்சுவரிலிருந்து முதல் ரத்த ஸ்டெம் செல்கள் பிறப்பதற்கு ரன்க்ஸ்-1 என்ற மரபணுவும் இந்தக் காட்டா-2-உம் தேவை. ரன்க்ஸ்-1 இல்லாத எலிக் கரு பிறக்கும் முன்பே இறந்துவிடும். காட்டா-2-வில் ஒரு பிரதி சரியாக இருந்து மற்றொன்று பழுதானால் கரு பிழைத்துவிடும். ஆள் வளர்ந்து பெரியவராவார். பிறகு மோனோசைட் என்ற வெள்ளையணு குறையும், காசநோய்க் குடும்பத்துக் கிருமிகள் தொற்றும், கடைசியில் ரத்தப் புற்றுநோய் வரும் அபாயம். பாதி அளவு போதவில்லை. மரபணு இருக்கிறதா இல்லையா என்பதோடு எவ்வளவு வேலை செய்கிறது என்பதும் ஸ்டெம் செல்லுக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி. ஒரே குடும்பத்தில் இப்படி இரண்டு மூன்று பேர் என்றால் அந்தக் குடும்பத்தின் மரபணுவைப் பார்த்துவிட வேண்டும். சகோதரரிடமிருந்து மஜ்ஜை எடுத்து மாற்றுவதற்கு முன்னால் அந்தச் சகோதரருக்கும் அதே பழுது இல்லை என்று உறுதி செய்ய வேண்டும் என்பதால் இது மிக முக்கியம்.

இதுவரை சொன்னவை எல்லாம் புதுப்பித்தல் குறைந்தால் வரும் வினைகள். அது கூடிவிட்டால்? டிஎன்எம்டி-3ஏ என்ற மரபணு டி.என்.ஏ.-வின் மேல் சின்ன ரசாயனக் குறிகளை இடுகிறது. “இனி நீ ஸ்டெம் செல் இல்லை, ரத்தமாக மாறு” என்று செல்லை அடுத்த கட்டத்துக்கு அனுப்புவதில் அதற்குப் பங்குண்டு. அதை நீக்கிய எலி ஸ்டெம் செல்கள் ரத்தமாக மாற மறுத்து ஸ்டெம் செல்லாகவே குவிந்தன. சாதாரண ஸ்டெம் செல் நான்கைந்து எலிகளுக்கு மாறி மாறிப் போனதும் களைத்துவிடும். இவை பன்னிரண்டு முறை மாற்றிய பின்னும் களைக்கவில்லை.

இந்தப் பழுது நம்மில் பலருக்குள்ளும் நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு ஸ்டெம் செல்லிலும் வருடத்துக்குச் சுமார் 17 எழுத்து மாற்றங்கள் சேர்கின்றன என்று 2022-இல் கணக்கிட்டார்கள். பெரும்பாலானவை எந்தக் கெடுதலும் செய்யாது. ஆனால் ஒரு செல்லில் டிஎன்எம்டி-3ஏ பழுதானால் அது மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். கொஞ்சம்தான். ஆனால் நாற்பது ஐம்பது வருடம் ஆகும்போது அதன் வாரிசுகள் பெருகி நிற்கும். அதே ஆய்வில் 75 வயதைத் தாண்டியவர்களின் ரத்தத்தில் 30 முதல் 60 சதவீதம் 12 முதல் 18 வரையிலான மூலச் செல்களின் வாரிசுகளிடமிருந்தே வருவது தெரிந்தது. அப்படிப் பெருகுபவற்றில், புற்றுநோயோடு தொடர்புள்ள மரபணுவில் பழுதான கூட்டங்களும் உண்டு. 70 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இது இருக்கிறது என்று 2014-இல் தெரியவந்தது. அவர்களில் மிகச் சிலருக்கே ரத்தப் புற்றுநோய் வரும். எதிர்பாராத செய்தி, அவர்களுக்கு மாரடைப்பு அபாயமும் கூடுகிறது என்பது. பழுதான செல்லிலிருந்து வரும் வெள்ளையணுக்கள் ரத்தக் குழாய்ச் சுவரில் அழற்சியைத் தூண்டுகின்றன. புகை பிடிப்பவர்களிடம் ஏஎஸ்எக்ஸ்எல்-1 என்ற மரபணுவில் இப்படிப்பட்ட பழுது அதிகம் தென்படுகிறது. பீடி, சிகரெட்டால் நுரையீரல் கெடும் என்று எல்லாருக்கும் தெரியும். மஜ்ஜைக்குள் எந்தச் செல் ஜெயிக்கிறது என்பதிலும் அதற்குக் கையிருக்கிறது என்பதை முகாமுக்கு வரும் ஆண்களிடம் நான் தவறாமல் சொல்கிறேன்.

சரி, அந்த அக்காவின் கேள்விக்கு வருவோம். கெட்டது ஊறாமல் செய்ய வழி உண்டா?

உண்டு. பழைய வழி, வேறொருவரின் ஸ்டெம் செல்லை மாற்றுவது. உடன்பிறந்தவருக்கு எச்.எல்.ஏ. என்ற திசு அடையாளம் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. பொருந்தினால் ஏற்கெனவே உள்ள மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டுப் புதுச் செல்களை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அவை ரத்தத்தில் மிதந்துபோய்த் தாங்களே எலும்புக்குள் இடம் தேடிக்கொள்ளும். சிஎக்ஸ்சிஆர்-4 என்ற மரபணு தரும் ஏற்பிதான் அந்த வழியைக் காட்டுகிறது. மஜ்ஜையிலிருந்து வரும் ஒரு சமிக்ஞையை அது பிடித்துக்கொண்டு போகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986-இலிருந்து மஜ்ஜை மாற்று நடக்கிறது.

புது வழி, பிள்ளையின் சொந்த ஸ்டெம் செல்லை வெளியே எடுத்துத் திருத்தித் திரும்பக் கொடுப்பது. வெளியே எடுக்க, ஸ்டெம் செல்லை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு இறக்கிவிடும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி போடுவது வழக்கம். சிக்கிள் செல் உள்ளவர்களுக்கு அது ஆபத்து, கடும் வலி நெருக்கடியைக் கிளப்பிவிடும். அதனால் பிளெரிக்ஸஃபோர் என்ற மருந்தைத் தருகிறார்கள். அது நான் சற்று முன் சொன்ன சிஎக்ஸ்சிஆர்-4 ஏற்பியை மறித்து, ஸ்டெம் செல் மஜ்ஜையைப் பற்றியிருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. எங்கோ ஆய்வகத்தில் ஒரு மரபணுவை ஆராய்ந்ததன் பலன், நோயாளியின் கைநரம்புக்கு நேராக வந்து சேர்ந்த இடம் இது.

எடுத்த செல்லில் என்ன திருத்துவது? பிறக்கும் முன் எல்லாக் குழந்தைக்கும் கரு ஹீமோகுளோபின் இருக்கும். பிறந்த பிறகு பிசிஎல்-11ஏ என்ற மரபணு அதை அணைத்துவிடுகிறது. அந்த மரபணுவை முடக்கினால் கரு ஹீமோகுளோபின் திரும்பும், சிவப்பணு வளையாது. ஆனால் அதை முழுதாக வெட்டிவிட முடியாது. எலிகளில் பிசிஎல்-11ஏ இல்லாத ஸ்டெம் செல்கள் வயதானவை போலத் தளர்ந்துபோனதை 2016-இல் கண்டார்கள். ஆகவே சிவப்பணு வரிசையில் மட்டும் அந்த மரபணுவை இயக்கும் ஒரு சிறு பகுதியை வெட்டுகிறார்கள். சிவப்பணுவில் அது அடங்கிவிடும், ஸ்டெம் செல்லில் தன் வேலையைத் தொடரும். 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்கெவி சிகிச்சை இப்படித்தான் வேலை செய்கிறது. அதற்கு முன்னால் நடந்த துயரத்திலிருந்தும் கற்றிருக்கிறார்கள். பிரான்சில் பிறவி எதிர்ப்புசக்திக் குறைவு உள்ள குழந்தைகளுக்கு வைரஸ் வழியாக நல்ல மரபணுவைச் செலுத்தியபோது, அது சிலரின் செல்களில் எல்எம்ஓ-2 என்ற மரபணுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அதைத் தட்டி எழுப்பி, அந்தக் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. ஸ்டெம் செல்லுக்குள் எந்த மரபணு எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

காஸ்கெவிக்கு அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். அந்த விலையை எங்கள் முகாமில் சொல்லவே வாய் வராது. நம்பிக்கை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. வேலூர் சி.எம்.சி.யில் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையில், ஹீமோஃபீலியா-ஏ நோயாளிகள் ஐந்து பேரின் சொந்த ஸ்டெம் செல்களில், ரத்தம் உறையத் தேவையான மரபணுவைச் சேர்த்துத் திரும்ப ஏற்றினார்கள். முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. ஐந்து பேருக்குமே சிகிச்சைக்குப் பிறகு பழைய ரத்தக் கசிவு நின்றிருந்தது. ஸ்டெம் செல்லை எடுத்து, வெளியே வாழவைத்து, திருத்தி, திரும்பக் குடியேற்றும் முழு வித்தையும் நம் மாநிலத்திலேயே கைவந்திருக்கிறது. சிக்கிள் செல்லுக்கான மரபணுத் திருத்தத்தில் டெல்லியின் ஐ.ஜி.ஐ.பி. ஆய்வகம் பல வருடமாக உழைக்கிறது. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்தது. சோதனை அவசியம்தான். ஆனால் சோதித்து அட்டை கொடுப்பதோடு அரசு நின்றுவிடக் கூடாது. 1952-இல் யாருடைய ரத்தத்தை எடுத்து எழுதினார்களோ, அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இந்தப் புதுச் சிகிச்சைக்கான வரிசையில் முதலில் நிற்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

மீதமிருக்கும் பெரிய தடை, வெளியே எடுத்த ஸ்டெம் செல்லை ஸ்டெம் செல்லாகவே வைத்திருப்பது. ஆய்வகத் தட்டில் வைத்து ஊட்டம் கொடுத்ததும் விழித்துப் பிரியத் தொடங்கி, தன் தன்மையை இழந்துவிடும். அப்படி இழக்கும்போது எம்எல்எல்டி-3 என்ற மரபணுவின் அளவு சரிவதை லாஸ் ஏஞ்சலிஸில் ஹன்னா மிக்கோலா குழு கண்டது. அந்த அளவைச் சரியவிடாமல் பிடித்தபோது, மாற்றி வைக்கத் தகுந்த மனித ஸ்டெம் செல்கள் 12 மடங்குக்கு மேல் பெருகின. 2019-இல் வந்த இந்த முடிவு இன்னும் சிகிச்சையாகவில்லை. ஆனால் குறைந்த செல்லை எடுத்து நிறைய ஆக்க முடியும் என்றால் செலவும் குறையும், பிள்ளைகள் படும் பாடும் குறையும்.

இதையெல்லாம் சுருக்கிச் சொன்ன பிறகு அந்த அக்கா இரண்டாவதாக ஒன்று கேட்டார். பையன் தினமும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை போடுகிறான். அது செல் பெருகுவதைத் தடுக்கும் மருந்து என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். “ஆயுசுக்கும் போட்டா மஜ்ஜையே வத்திப் போயிடாதா, சிஸ்டர்?”

அந்த மாத்திரை, டி.என்.ஏ.-வைப் படியெடுத்துக்கொண்டிருக்கும் செல்லைத்தான் பிடிக்கிறது. உறங்கும் ஸ்டெம் செல் படியெடுப்பதில்லை, ஆகவே பெரும்பாலும் தப்பிவிடுகிறது. பி21-உம் பி57-உம் ஜிஎஃப்ஐ-1-உம் சேர்ந்து அதை உறங்க வைத்திருப்பது இந்தப் பிள்ளைக்கு இப்படியும் உதவுகிறது. அடி வாங்குவது ஓடிக்கொண்டிருக்கும் இடைநிலைச் செல்கள். அளவு கூடினால் வெள்ளையணுவும் தட்டணுவும் இறங்கும், மாத்திரையை நிறுத்தினால் கீழேயிருந்து மறுபடி ஏறிவரும். அதற்காகத்தான் தவறாமல் ரத்தம் எடுத்து எண்ணிப் பார்க்கிறோம் என்று சொன்னேன். வந்த அறிக்கையில் எம்.சி.வி. என்ற வரியைக் காட்டினேன். சிவப்பணுவின் பருமன் அது. மாத்திரை ஒழுங்காகப் போனால் அந்த எண் ஏறும், பெரும்பாலும் கரு ஹீமோகுளோபினும் கூடவே ஏறும். பையனுடையது போன முறையைவிட ஏறியிருந்தது, வெள்ளையணு இறங்கவில்லை. அதே அளவைத் தொடரச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார். மூன்று வயதுத் தங்கையையும் அடுத்த முறை கூட்டிவரச் சொல்லியிருக்கிறோம், எச்.எல்.ஏ. பார்ப்பதற்கு.